செவியை ஏவுவது யார்?

சென்ற நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவனந்தபுரத்தில் இளைஞர்களுக்கான கீதை வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தனர். கோட்டைப் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவன் மட்டும் தயங்கி நின்றான். என்னவென்று விசாரித்தேன்.

"சுவாமிஜி, வீட்டில் தினமும் ஒரே சண்டை. நான் கேட்கும் பாட்டை அப்பா இரைச்சல் என்கிறார். அவர் கேட்கும் கர்நாடக சங்கீதம் எனக்கு ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதானே? இதில் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது? போன வாரம் அப்பா, 'உன் ரசனையைப் பார்த்தால் உன்னை வளர்த்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை."

இத்தகைய கேள்விக்குத் தயாரான ஒரு பதில் என்னிடம் இருந்தது. சாத்விகமான இசை, ராஜசமான இசை என்று பிரித்து, பத்து நிமிடம் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் வாய் எழவில்லை. காரணம், சில நாட்களுக்கு முன்புதான் நானும் அந்தத் தந்தையின் இடத்தில் நின்றிருந்தேன். எங்கள் சமையற்கூடத்தில் உதவிக்கு இருக்கும் ஒடிசா மாநில இளைஞன் ஒருவன், காய் நறுக்கும்போது கைப்பேசியில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். கடந்து செல்லும்போது, "இதையெல்லாமா கேட்பது? நல்லதாக ஏதாவது கேட்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவன் தலை குனிந்து பாட்டை நிறுத்தினான். அதன்பின் அந்தக் கைப்பேசி சமையற்கூடத்தில் ஒலிக்கவே இல்லை.

எனவே மாணவனிடம், "தம்பி, இதற்கு உடனே பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

'எனக்குப் பிடிக்கிறது' என்பதன் பொருள்

அவன் சொன்ன வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. ஒன்று, 'பிடிக்கிறது' என்பது. இது அனுபவம், இதை எவரும் மறுக்க இயலாது. கசப்பை இனிப்பு என்று ஒருவர் உணர்ந்தால், அவ்வாறு அவர் உணர்கிறார் என்பது உண்மையே. மற்றொன்று, 'எனக்கு' என்பது. இந்த விருப்பம் என்னுடையது, நானே தேர்ந்துகொண்டது, ஆகவே இதைத் தொடுவது என்னைத் தொடுவதாகும் என்ற உரிமைக் குரல் அச்சொல்லில் ஒலிக்கிறது. விசாரணைக்கு உரியது இந்த இரண்டாவது கூற்றுதான்.

மனம் எதனால் ஏவப்பட்டுத் தன் பொருளை நாடிச் செல்கிறது, கண்ணையும் செவியையும் செயற்படுத்துவது எது என்ற கேள்வியுடன்தான் கேனோபநிஷதம் தொடங்குகிறது. அந்தக் கேள்வி ஆன்மாவை நோக்கிச் செல்வது. ஆயினும் அந்த உயரத்துக்குப் போகும் முன், வழியிலேயே அதைச் சற்று நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம்: என் செவி இந்தப் பாட்டை நாடுகிறதே, அதை ஏவியது யார்?

தாலாட்டிலேயே தொடங்குகிறது

கேரளத்தில் அனைவரும் அறிந்த தாலாட்டு ஒன்று உண்டு. 1813-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் ஸ்வாதித் திருநாள் பிறந்தபோது, கவிஞர் இரயிம்மன் தம்பி அக்குழந்தைக்காக இயற்றியது அது. பிற்காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றிய ஓர் அரசர், பேசக் கற்கும் முன்பே பெரும்புலவர் ஒருவரின் பாட்டில் உறங்கியிருக்கிறார். அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவருக்கு வாய்த்தது.

பிறப்புக்கும் முன்பே செவி பழகத் தொடங்குகிறது என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. 1988-இல் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளர், கர்ப்ப காலத்தில் ஒரு குறிப்பிட்ட தொலைக்காட்சித் தொடரை நாள்தோறும் பார்த்த தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்தார். அத்தொடரின் தொடக்க இசையைக் கேட்டதும் அக்குழந்தைகள் அசைவை நிறுத்திக் கவனித்தன. மற்றத் தாய்மாரின் குழந்தைகளிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனின் கதையை அறிந்த நமக்கு இது பெரும் வியப்பைத் தராது. ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் செவிக்கு உபதேசமும் தொலைக்காட்சித் தொடரும் ஒன்றுபோலவே போய்ச் சேர்கின்றன என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

இனிமை என்பதே இயற்கையில் எல்லோருக்கும் ஒன்றுதானா? சில சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் இனிமை, வேறு சில சேர்ந்தால் கரகரப்பு என்பதை மனிதக் காதின் பொதுவிதி என்றே பலரும் கருதி வந்தனர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டுக் காட்டுப் பகுதியில் மேலைநாட்டு இசை அதிகம் எட்டாமல் வாழும் சிமானே மக்களிடம் இதைச் சோதித்தது. இருவகை ஒலிகளின் வேறுபாட்டையும் அவர்கள் நன்றாகவே அறிந்தனர். ஆனால் ஒன்றை மற்றொன்றைவிட இனியது என்று சொல்லவில்லை. அறிவது காதின் இயல்பு. இனியது என்று பற்றுவதில் பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திரும்பத் திரும்ப எதிர்ப்படும் பொருளின்மீது, வேறு காரணம் ஏதும் இல்லாமலே மனத்துக்கு விருப்பம் வளர்கிறது என்பதை ராபர்ட் ஜயான்ஸ் 1968-இலேயே சோதனைகளால் காட்டியிருந்தார். நம் சாஸ்திரங்கள் இதற்கு வைத்த பெயர் எளியது: வாசனை. பூ வைத்திருந்த கூடையில், பூவை எடுத்த பின்னும் மணம் தங்குவதுபோல, அனுபவம் போனபின் அதன் பதிவு தங்குகிறது. தங்கியது மறுபடியும் அதையே நாடுகிறது.

என் கதையையே சொல்கிறேன். எனக்கு நாட்டக்குறிஞ்சி ராகத்தில் தனி ஈடுபாடு. பல ஆண்டுகளாக அதை என் நுண்ணுணர்வின் அடையாளம் என்றே எண்ணியிருந்தேன். இக்கேள்வியைப் பற்றி யோசித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நாஞ்சில் நாட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் சில ஒலிநாடாக்களும் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஒரே நாடாவைத்தான் போடுவார். அதன் முதற்பாட்டு நாட்டக்குறிஞ்சி. அம்மா விளக்கேற்றும் நேரம், அடுப்பில் உலை கொதிக்கும் வாசம், பாடம் படிக்காமல் விளையாடக் கிடைத்த அரைமணி நேரம், இவை யாவும் அந்த ராகத்தோடு எனக்குள் ஒட்டிக்கொண்டன. நான் தேர்ந்தெடுத்ததாகப் பெருமைப்பட்டது, அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக வந்த தானம்!

கூட்டுறவின் பங்கு

வளர்ந்த பின்னும் இப்படித்தான். ஸ்வாதித் திருநாளின் பாடல்களில் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகள் உள்ளன. வடநாட்டு துருபத் பாணியிலும் பாடல்கள் உண்டு. தென்கோடி அரசர் ஒருவருக்கு இத்தனை திசைகளில் நாட்டம் எப்படி வந்தது? அவருடைய சபையைப் பார்த்தால் புரியும். தஞ்சையிலிருந்து வந்த மேருசாமி, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, தியாகராஜரின் சீடர் பரம்பரையினர், வடநாட்டு இசைவாணர்கள் எனப் பலர் அங்கே கூடியிருந்தனர். யாரோடு அமர்ந்தாரோ, அவர்களுடைய இசை அவர் செவியை விரித்தது. ஸத்ஸங்கத்தின் பெருமையை நாம் ஆன்மிகத்துக்கு மட்டுமே சொல்கிறோம். இசைக்கும் அது பொருந்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் 1846-இல் மறைந்த பின், அவருடைய பாடல்கள் இன்றைய அளவுக்குப் பரவலாக வழங்கி வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவற்றைத் தேடித் தொகுத்துச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுவந்தனர். 1939-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரி அவற்றை மாணவர்களுக்குக் கற்பித்தது. வானொலி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆக, 'பாரம்பரியமாக எங்களுக்குப் பிடித்தது' என்று மாணவனின் தந்தை சொல்லும் ரசனையும் தானாக முளைத்ததன்று. யாரோ சிலர் பாடுபட்டு வளர்த்தது, அவரை வந்தடைந்தது. மகனுடைய விருப்பத்துக்குக் கைப்பேசி காரணம் என்றால், தந்தையுடைய விருப்பத்துக்கு வானொலி காரணம். இருவரில் யார் யாரை இகழ்வது?

இகழ்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இல் வெளியிட்ட நூலில், ரசனை எவ்வாறு வகுப்பு வேறுபாட்டின் வேலியாகிறது என்பதை ஆராய்ந்தார். உயர்கல்வி பெற்றோர் பாஹ் என்ற இசைமேதையின் நுட்பமான படைப்பை விரும்புவதாகச் சொன்னார்கள். தொழிலாளரும் சிறுவணிகரும் எல்லோரும் அறிந்த ஒரு நடன மெட்டைச் சொன்னார்கள். 'எனக்கு அது பிடிக்காது' என்னும் சொல், பல வேளைகளில் 'நான் அவர்களைச் சேர்ந்தவனல்லன்' என்பதன் நாகரிகமான வடிவமாக இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

இதற்குப் பிரான்சு வரை போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் பறையின் ஒலியை எத்தனை தலைமுறைகள் தீட்டு என்று ஒதுக்கின! அந்தத் தோற்கருவியின் நாதத்திலா குறை இருந்தது? அதை வாசித்த மனிதரை ஒதுக்கியவர்கள், அந்த ஒதுக்கலைச் செவியின் மேல் ஏற்றிச் சொன்னார்கள். இன்று கல்லூரி மாணவ மாணவியர் பலர் அதே பறையை விரும்பிக் கற்கின்றனர், மேடையேறி வாசிக்கின்றனர். கருவி மாறவில்லை; கேட்பவரின் மனம் மாறியது. இதை எண்ணும்போது, சமையற்கூடத்தில் நான் சொன்ன சொல் என் காதிலேயே மறுபடி ஒலித்தது. அந்தப் பாட்டில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாது. புரியாத பாட்டைத் தாழ்ந்தது என்று எனக்குச் சொன்னது எது? பாடியவரின் குரலா, அல்லது கேட்டவன் காய் நறுக்குபவன் என்ற எண்ணமா?

கதவை அடைத்தால்

அப்படியானால், எல்லாம் பழக்கமே என்று கை கழுவிவிடலாமா? ரசனையைத் திருத்தவே கூடாதா? இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு.

1952 முதல் 1962 வரை மத்திய அரசில் செய்தி ஒலிபரப்புத் துறையின் பொறுப்பை வகித்தவர் பி. வி. கேஸ்கர். இசையறிவும் நாட்டுப்பற்றும் உடையவர். திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது; பின்னர் பட உலகத்தினருடன் ஏற்பட்ட பூசலால் அவை பெரும்பாலும் மறைந்தே போயின. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அமீன் சயானி நடத்திய இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி நாடெங்கும் புகழ்பெற்றது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வீட்டு உறுப்பினர்போல ஆனது. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று, திரைப்பாடல்களுக்கும் இடமளிக்கும் விவித் பாரதியை வானொலியே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் கேஸ்கரின் கதையில் மறுபாதியும் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியும் 1954-இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனமும் அவர் காலத்தவையே. அரண்மனைகளிலும் சபாக்களிலும் மட்டுமே ஒலித்த மகா வித்வான்களின் இசையை, அனுமதிச் சீட்டு வாங்க வழியில்லாத எளியவரும் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டனர். தென்னாட்டவர் இந்துஸ்தானியையும் வடநாட்டவர் கர்நாடக இசையையும் கேட்டறிந்தனர். ஒரே மனிதர், ஒரே நோக்கம், இரு வழிகள். 'இதைக் கேட்காதே' என்று கதவை அடைத்த வழி தோற்றது. 'இதையும் கேட்டுப் பார்' என்று ஒரு கதவைத் திறந்த வழி பயன் தந்தது. பிள்ளைகளை வளர்ப்போர் அனைவரும் இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நம்மையே நமக்குக் காட்டும் கண்ணாடி

இன்றைய நிலையோ வேறு. இன்று யாரும் கதவை அடைப்பதில்லை. கோடிக்கணக்கான பாடல்கள் உள்ளங்கையில் இருக்கின்றன. ஆயினும் நம் செவி முன்னைவிட விரிந்திருக்கிறதா?

யூடியூப், 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் ஒவ்வொரு பாட்டுக்கும் பின் அடுத்த பாட்டைத் தாமே எடுத்து வைக்கின்றன. எப்படி? நாம் எதை முழுதும் கேட்டோம், எதைப் பாதியில் தள்ளினோம் என்று கணக்கெடுத்து, நம்மைப் போலவே கேட்ட மற்றவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பார்த்து, அதை நமக்கு நீட்டுகின்றன. நேற்றைய விருப்பமே நாளைய உணவாகிறது. வாசனை, கர்மம், மீண்டும் வாசனை என்று நம் ஆசாரியர்கள் வர்ணித்த அந்தச் சக்கரத்தை, கணிப்பொறியில் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது இது! என் பக்கத்து வீட்டு ஆசிரியரின் டேப் ரெக்கார்டர் என் விருப்பத்தைக் கேட்டுப் பாடவில்லை. அதனாலேயே எனக்குத் தெரியாத ஒன்றை அது எனக்குத் தந்தது. இந்தக் கருவியும் புதிய பாடல்களைத் தருவதுண்டு. எனினும் பெரும்பாலும் நான் ஏற்கெனவே யாரோ அவனையே எனக்குத் திருப்பித் தருகிறது.

பலர் விரும்புவதும் நம்மை இழுக்கிறது. 2006-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு சோதனையில், ஏறத்தாழ 14,000 பேருக்கு முன்பின் அறியாத 48 பாடல்கள் தரப்பட்டன. ஒரு பிரிவினர் பிறர் விருப்பம் தெரியாமல் கேட்டனர். மற்றவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு பாட்டையும் தம் குழுவில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டனர் என்ற எண்ணிக்கை அவர்களுக்குத் தெரிந்தது. விளைவு என்ன? எண்ணிக்கை தெரிந்த குழுக்களில் முன்னணிப் பாடல்கள் மேலும் முன்னே சென்றன. ஆனால் எது முன்னணிக்கு வரும் என்பது குழுவுக்குக் குழு மாறியது. ஒரு குழுவில் கொண்டாடப்பட்ட பாட்டு இன்னொன்றில் நடுவே கிடந்தது. மிக நல்லவை அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தன. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம் என்றிருந்தது. அக்குழுக்களில் இருந்த ஒவ்வொருவரும், 'இது என் விருப்பம்' என்றே நினைத்திருப்பார்.

பொறுமைக்கும் ஊறு நேர்கிறது. இத்தகைய செயலிகளில் முப்பது வினாடி கேட்டால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேர்கிறது. எனவே முதல் நொடியிலேயே செவியைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் எழுகிறது. அமெரிக்காவில் முன்னணியில் இருந்த பாடல்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று, 1980-களின் நடுவில் சராசரியாக இருபது வினாடிக்கு மேல் இருந்த தொடக்க வாத்திய இசை, ஏறத்தாழ ஐந்து வினாடியாகச் சுருங்கிவிட்டதைக் காட்டியது. ஒரு ராகத்தின் ஆலாபனை மெல்ல முகம் காட்டவே முப்பது வினாடி போதாதே! மெல்ல மலர்வது எதுவும் இந்தச் சந்தையில் மலரும் முன்பே தள்ளப்படுகிறது.

எஞ்சியிருக்கும் சுதந்திரம்

இத்தனையும் பார்த்த பின், நம்மிடம் எஞ்சுவது என்ன? விருப்பம் நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அது வந்து சேர்ந்தது. ஆனால் எதற்குச் செவி கொடுப்பது என்பது இந்தக் கணத்தில் நம் கையில் இருக்கிறது. இன்று பிடிப்பதை இன்று மாற்ற முடியாது. நாளை எது பிடிக்கும் என்பதில் இன்று நமக்கு ஒரு பங்கு உண்டு. வாசனையின் பலமும் புருஷார்த்தத்தின் வாய்ப்பும் இவ்வாறு ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கடோபநிஷதம் காட்டும் ச்ரேயஸ், ப்ரேயஸ் என்ற இரு வழிகளில், ப்ரேயஸ் உடனே இனிப்பது. ச்ரேயஸுக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், ஸஹ்ருதயன் எனப்படும் நல்ல ரசிகன் இடைவிடாத பழக்கத்தால் தன் மனக்கண்ணாடியைத் துலக்கிக்கொண்டவன் என்று கருதினார். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1757-இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது, பயிற்சியையும் ஒப்புநோக்கலையும் முற்சாய்வு இன்மையையும் வேண்டினார். பிறப்பாலோ குலத்தாலோ செல்வத்தாலோ அமைவது நல்ல ரசனை என்று இவ்விருவருமே கூறவில்லை. செவியைத் துலக்குவது ஒரு சாதனை. அது எவருக்கும் திறந்திருக்கிறது.

அந்தச் சாதனைக்கு ஓர் இடமாகவே நான் திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தைக் காண்கிறேன். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி யானைமேல் எழுந்தருளி, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, எல்லை கடந்து இந்நகருக்கு வருவதைச் சிறுவயதில் சாலையோரம் நின்று பார்த்தவன் நான். தேவியின் சந்நிதியில் ஒன்பது மாலைகள் கச்சேரி. எந்த நாளில் எந்தப் பாட்டு முக்கியம் என்பது வரையறுக்கப்பட்டது: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பின் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. யாவும் ஸ்வாதித் திருநாளின் கீர்த்தனைகள். விளக்கொளியில் பாடுவார்கள். கைதட்டல் கிடையாது. அங்கே பாடகர் நம் விருப்பத்துக்குப் பாடுவதில்லை. நாமும் நம் விருப்பத்தைக் கைதட்டி அறிவிப்பதில்லை. 'எனக்குப் பிடித்ததா?' என்ற கேள்வியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு, இரண்டரை மணி நேரம் கேட்பது மட்டுமே வேலை.

ஆனால் அந்த மண்டபத்தையும் குறையற்றதாகச் சொல்லிவிட முடியாது. நெடுங்காலம் அங்கே பெண்கள் பாட இடமில்லை. எண்பது வயதைக் கடந்திருந்த பாறசாலை பொன்னம்மாள் 2006-இல் அங்கே பாடியபோதுதான் அந்த வழக்கம் மாறியது. 2021-இல் மறைந்த அந்த மூதாட்டி, இந்நகரின் இசைக் கல்லூரியிலேயே பயின்று அங்கேயே கற்பித்தவர். கலைமகளின் சந்நிதியில் ஒரு பெண்ணின் குரல் ஒலிக்க அத்தனை காலம் ஆயிற்று! உயர்ந்த ரசனை என்று நாம் போற்றுவதற்குள்ளும் அடைத்த கதவுகள் இருக்கக்கூடும் என்பதை இது நினைவூட்டுகிறது.

எனவே உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்ற விவாதத்தைவிடச் சாதகனுக்குப் பயன்படும் கேள்வி வேறொன்று: பாட்டு முடிந்த பின் நான் எவ்வாறு இருக்கிறேன்? மனம் குவிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா? பிறர்மேல் கனிவு கூடியதா, குறைந்ததா? பெண்ணை இழிவுசெய்யும் சொல்லை இனிய மெட்டில் கேட்டு முணுமுணுத்தால், அந்தச் சொல்லும் உள்ளே தங்கும். கச்சேரிக்குப் போய்ப் பாடகரின் பிழைகளை எண்ணிவிட்டு, 'எனக்கு இணையான ரசிகர் இங்கே இல்லை' என்ற நினைப்புடன் வீடு திரும்பினால், சாத்விகமான ராகமும் அகங்காரத்துக்கே உணவாகும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரிக்கும்போது, அது உண்பவனிடம் விளைவிக்கும் பயனையே முதன்மையாகச் சொல்கிறது. செவிக்கு இடும் உணவையும் அவ்வாறே சோதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தமக்குத்தாமே செய்துகொள்ள வேண்டும். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதற்கு அது உரிமை தராது.

ஓர் ஒப்பந்தம்

அடுத்த ஞாயிறு அந்த மாணவனிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பின்னர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நவராத்திரி மண்டபத்தில் ஒரு மாலை அவன் முழுக் கச்சேரியையும் கேட்க வேண்டும். அவனுக்கு மிகப் பிடித்த பாட்டை நான் மூன்று முறை முழுமையாகக் கேட்க வேண்டும். எட்டாம் நாள் நாட்டக்குறிஞ்சிக்கே அவனை வரச் சொல்ல ஆசைதான். அது என் வாசனையை அவன்மேல் ஏற்றுவதாகும் என்று தோன்றியதால், நாளை அவனிடமே விட்டுவிட்டேன்.

அவன் தந்தது ஒரு மலையாள ராப் பாட்டு. முதல் முறை எனக்கு அது சத்தமாகவே இருந்தது. இரண்டாம் முறை சொற்கள் காதில் விழுந்தன. நிலமில்லாதவர்களின் கோபம் அதில் இருந்தது. மூன்றாம் முறை, சொற்கள் தாளத்தை விட்டு விலகிப் பின் சரியான இடத்தில் வந்து விழும் நயம் பிடிபட்டது. எனக்கு அது பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அதை இனி இரைச்சல் என்று சொல்ல என் நா எழாது.

அவன் ஆறாம் நாள் சென்றான். "முதல் ஒரு மணி நேரம் எப்போது முடியும் என்றிருந்தது, சுவாமிஜி. பிறகு எப்போதோ நேரம் பார்ப்பதை மறந்துவிட்டேன். பிடித்ததா என்று கேட்காதீர்கள், தெரியவில்லை" என்றான். தந்தையும் உடன் வந்தாராம். வீடு திரும்பும் வழியில் அவர், "உன் பாட்டில் அந்தப் பையன் அப்படி என்னதான் சொல்கிறான்?" என்று கேட்டாராம். இவன் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே நடந்தானாம்.

எனக்கும் ஒரு கடன் பாக்கியிருந்தது. சமையற்கூடத்துக்குச் சென்று, அன்று நிறுத்திய பாட்டை மறுபடி போடும்படி அந்த இளைஞனிடம் கேட்டேன். அவன் கூச்சத்துடன் போட்டான். பக்கத்தில் மணையைப் போட்டு அமர்ந்து முழுதும் கேட்டேன். பொருள் என்ன என்று வினவியபோது, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னான்: பெரிதாக ஒன்றுமில்லை, சாதாரணக் காதல் பாட்டுதான், ஊரில் அவன் பள்ளிக்குப் போன பேருந்தில் தினமும் இதைத்தான் போடுவார்களாம்.

அந்தப் பேருந்துக்கும், என் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் என்ன வேறுபாடு? இப்போதெல்லாம் காலையில் சமையற்கூடத்தில் அந்தப் பாட்டு மெல்ல ஒலிக்கிறது. கடந்து செல்லும்போது நானும் சற்று நின்று கேட்டுவிட்டே போகிறேன்.